கர்னல் மெக்கன்சியும் அத்தையின் காலண்டர் தாளும்

போன இதழில் தண்ணீர் லாரிச் செலவுக் கணக்கை எழுதியிருந்தேன். அதை முழுசாகப் படித்தவர்கள் அதிகம் இல்லை என்று தெரிகிறது. அதில் ஒரு கூட்டல் பிழை இருந்தது, ஒருவர்கூடச் சுட்டிக்காட்டவில்லை. ஆகவே இந்த முறை கணக்கை விட்டுவிட்டு ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

நம் வளாகத்துக்குச் சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் முன் கேட்டை விட்டுவிட்டுப் பின்பக்கச் சந்தில் போய் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செல்போன் மேப் அப்படித்தான் காட்டுகிறதாம். இரண்டு வருடங்களுக்கு முன் அதே மேப்பை நம்பி என் தாத்தாவின் ஊரைத் தேடிக்கொண்டு போனேன். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சின்ன ஊர். என் அப்பா வேலைக்காகத் திருச்சிக்கு வந்தவர், பிறகு திரும்பிப் போகவில்லை. மேப் என்னை ஒரு பைபாஸ் ரோட்டின் நடுவே கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லியது. சுற்றிலும் ஒரு செங்கல் சூளையும் ஒரு டீக்கடையும்தான்.

சட்டைப்பையில் இன்னொரு மேப் வைத்திருந்தேன். என் பெரிய அத்தை, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் போட்டுக் கொடுத்தது. பிள்ளையார் கோயில், குளம், ஒரு கிணறு, தெருவின் இரு பக்கமும் சேர்த்து ஏழு வீடு. அத்தைக்கு அப்போது 88 வயது. அளவும் கிடையாது, திசையும் கிடையாது. ஆனால் டீக்கடையில் இருந்த பெரியவர் அந்தத் தாளை வாங்கி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் பின்னால் போனேன். பிள்ளையார் இருந்தார். குளம் பாதி இருந்தது. மூன்று வீடுகளில் யார் யார் இருந்தார்கள் என்று அவர் சொன்னார். நான்காவதாக ஒரு வீட்டின் மேல் அத்தை ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் கர்னல் காலின் மெக்கன்சியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நம் தெற்குப் பக்கத்தை அளந்து மேப் போட்டவர்களில் முக்கியமானவர். ஊர் எங்கே இருக்கிறது என்று அளந்ததோடு நிற்காமல், அங்கே இருந்தவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்றும் கேட்டு எழுதி வைக்கச் செய்தவர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியில் தாண்டிப் போயிருப்பீர்கள். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஆள்.

ஸ்காட்லாந்தின் மேற்கே லூயிஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அதில் ஸ்டோர்னோவே என்ற துறைமுக ஊரில் 1754-ல் பிறந்தவர். அப்பா வியாபாரி, அந்த ஊர்த் தபால் நிலையத்தையும் பார்த்துக்கொண்டவர். மெக்கன்சி முதலில் பார்த்த வேலை சுங்க இலாகாவில். கப்பலில் வரும் சரக்குக்குக் கணக்கு எழுதி வரி போடுவது. என்னைப் போல லெட்ஜர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. முப்பதை நெருங்கும் வயதில், நிரந்தர வேலையை விட்டுவிட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்து 1783 செப்டம்பரில் இங்கே வந்து இறங்கினார். அதன் பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. 38 வருடம்!

அவர் இந்தியாவுக்கு வர ஆசைப்பட்டதற்குப் பின்னால் ஒரு குடும்ப வரலாறு இருக்கிறது. அவருடையது அல்ல, இன்னொருவருடையது. லாகரிதம் கண்டுபிடித்த ஜான் நேப்பியரை நீங்கள் மறந்திருக்கலாம். பி.காம். படித்தவர்கள் கிளார்க்ஸ் டேபிள் புத்தகத்தை மறக்க முடியாது. அந்தக் கணக்கை 1614-ல் வெளியிட்டவர் அவர்தான். அவருடைய வம்சத்தில் வந்த ஒரு நேப்பியர் பிரபு, தன் முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கி, இந்தியர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் முன்பே தெரியுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அந்த வேலையில் அவருக்கு உதவியவர் இளைஞர் மெக்கன்சி. பிரபு வேலையை முடிக்காமலே இறந்துபோனார். ஆனால் அவருடைய மகள் ஹெஸ்டர் கல்யாணமாகி, கணவரின் உத்தியோகத்தோடு மதுரைக்கு வந்திருந்தார். அப்பா விட்ட வேலையை மகள் மதுரையில் தொடர்ந்தார். மெக்கன்சியை அங்கே வரவழைத்து, ஊரின் பண்டிதர்களோடு பேச வைத்தார். பிற்காலத்தில் அவர் சேர்த்த பெரிய பொக்கிஷத்துக்கு முதல் விதை மதுரையில் விழுந்தது என்று சொல்லலாம். நம் நேப்பியர் பாலத்துக்குப் பெயர் கொடுத்த கவர்னரும் அதே குடும்பத்துக்காரர்தான்.

ஆனால் விதை விழுந்த கையோடு முளைக்கவில்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் அவருக்கு ராணுவ வேலையே சரியாக இருந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் போனார். நெல்லூர், குண்டூர் பக்கம் அளந்தார். மைசூர் யுத்தம், பாண்டிச்சேரி முற்றுகை, இலங்கை என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். தங்க இடம் இல்லை, உட்கார்ந்து படிக்க நேரம் இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அவருக்கு நம் மொழிகள் தெரியாது. தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம் எதையும் அவர் சரளமாகப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை, கடைசிவரை.

அந்தப் பூட்டைத் திறந்தவர் காவலி வெங்கட பொரையா. ஏலூர்ப் பக்கத்து இளைஞர், பல மொழி தெரிந்தவர். 1796 வாக்கில் மெக்கன்சியிடம் வேலைக்குச் சேர்ந்தார். கல்வெட்டுகளில் இருந்த பழைய கன்னட எழுத்தை விடாமல் உட்கார்ந்து படித்துப் பிடித்தவர். பேசத் தெரிந்தவர், மனிதர்களைப் பேச வைக்கவும் தெரிந்தவர். ஒரு துரை குதிரையில் வந்து இறங்கிக் கேட்டால் யார் வீட்டுக் கதையைச் சொல்வார்கள்? பொரையா மாதிரி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். தன் சேகரிப்பெல்லாம் உண்மையில் இவரைச் சந்தித்த பிறகுதான் தொடங்கியது என்று மெக்கன்சியே பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். புதிதாகக் கைக்கு வந்த நாட்டைக் கம்பெனி அளக்க விரும்பியது. 1800-ல் மைசூர் சர்வே மெக்கன்சியிடம் வந்தது. சுமார் 40,000 சதுர மைல். எப்படி அளந்தார்கள் தெரியுமா? சமமான தரையில் ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு மிகக் கவனமாக அளந்துகொள்வார்கள். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்து மலை உச்சியில் உள்ள கொடியைப் பார்த்துக் கோணத்தைக் குறிப்பார்கள். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கத்தையும் கணக்கிலேயே போட்டுவிடலாம். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது. இப்படி மலைக்கு மலை தாவிப் போவார்கள். பெருக்கல் வகுத்தலுக்கு லாகரிதம் அட்டவணைதான் துணை. நேப்பியர் பிரபுவின் முன்னோர் மறுபடியும் வந்து கைகொடுத்தார் பாருங்கள்.

முக்கோணம் போட்ட பிறகு உள்ளே இறங்கி ஊர், ஏரி, பாதை, எல்லை எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். கல்லிலும் முள்ளிலும் நடந்து அந்த வேலையைச் செய்த உதவியாளர்களில் பலர் மதராஸ் சர்வே பள்ளியில் பயின்ற பையன்கள். ஆதரவற்றோர் விடுதியில் வளர்ந்த பிள்ளைகள். 1794-ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து இன்று கிண்டி என்ஜினீயரிங் காலேஜாக நிற்கிறது. நம் வளாகத்திலேயே அங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே லண்டனில் இருந்த மேலிடம் செலவைக் குறைக்கச் சொல்லிவிட்டது. படி குறைந்தது, ஆள் குறைந்தது. காய்ச்சல் வந்து படுத்தவர்கள் ஒரு பக்கம், மனம் வெறுத்துப் போனவர்கள் ஒரு பக்கம். மெக்கன்சிக்கும் காய்ச்சல் விடாமல் வந்துகொண்டிருந்தது. டி.ஏ. பில் பாதியாக வெட்டப்பட்டுத் திரும்பி வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அவர் மனநிலை புரியும். அவர் வேலையை நிறுத்தவில்லை. இன்னொன்றும் செய்தார். யாரும் கேட்காத அந்த இரண்டாவது வேலையை, அதாவது ஊர்க் கதை கேட்கும் வேலையை, பெரும்பாலும் சொந்தக் காசில் நடத்தினார்.

1803-ல் பொரையா இறந்துபோனார். 26 வயதுதான். மெக்கன்சிக்குக் கையொடிந்த மாதிரி. பொரையாவின் தம்பி லட்சுமையா அந்த இடத்துக்கு வந்தார். இன்னொரு தம்பி ராமசாமியும் சேர்ந்தார். இவர்கள் வழியாக ஆட்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு ஊர் ஊராக அனுப்பப்பட்டார்கள். கையில் கேள்விப் பட்டியல். ஊர் எப்போது உண்டாயிற்று, யார் யார் ஆண்டார்கள், கோயிலுக்கு மானியம் விட்டது யார், இந்தச் சமூகத்தார் எங்கிருந்து வந்தார்கள், வீட்டில் ஓலைச்சுவடி இருக்கிறதா, கல்வெட்டு இருந்தால் படியெடுக்கலாமா. கிடைத்த விவரத்தை எழுதி அனுப்புவார்கள். அந்த மாதிரி எழுத்துக்குக் கைபீது என்று பெயர்.

எல்லா ஊரிலும் பாய் விரித்து உட்கார வைத்தார்கள் என்று நினைக்காதீர்கள். கம்பெனி ஆள் வந்து நிலத்தையும் பரம்பரையையும் விசாரித்தால் வரி ஏற்றத்தான் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அது தப்பான நினைப்பும் அல்ல. மேப் போட்டதே படை நடத்தவும் வரி வாங்கவும்தான். சிலர் சுவடியை ஒளித்து வைத்தார்கள். சிலர் நாளைக்கு வா என்று அலைய விட்டார்கள். இதையெல்லாம் அந்த உதவியாளர்கள் அனுப்பிய அறிக்கைகளில் பார்க்கலாம்.

சொன்ன கதை எல்லாம் உண்மையும் அல்ல. நம் பக்கத்துப் பாளையக்காரர்கள் தங்கள் வம்சாவளியை எழுதிக் கொடுத்த காலம் எது என்று யோசியுங்கள். அதிகாரம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். இன்ன ராஜா காலத்தில் இன்ன போரில் எங்கள் முப்பாட்டனார் ஜெயித்ததால் இந்த நிலம் எங்களுடையது என்று எழுதினால் ஒருவேளை நிலம் தங்கலாம். விவசாயக் கடன் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவன் நான். விண்ணப்பத்தில் எழுதும் விளைச்சலுக்கும் வயலில் உள்ள விளைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அதற்காக விண்ணப்பத்தைக் கிழித்துப் போட மாட்டோம். அதில்தான் ஆள் பெயர், அப்பா பெயர், ஊர், சர்வே நம்பர் எல்லாம் இருக்கும். இந்த வம்சாவளிகளையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பத்திரங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் தோட்டத்துக்கு வடக்கு, வண்டிப் பாதைக்குத் தெற்கு. நிலத்தின் எல்லையாக மனிதர்களே நிற்பார்கள். அந்த இன்னார் யார் என்று சொல்ல ஆள் இருக்கும்வரைதான் அந்த வரிக்குப் பொருள்.

மெக்கன்சியின் கதைக்கு வருவோம். 1798-லேயே அவர் அமராவதியைப் பார்த்திருந்தார். அந்தப் பகுதி ராஜா புது ஊர் கட்டுவதற்காகப் பழைய மேட்டைத் தோண்டிக் கல் எடுத்துக்கொண்டிருந்த நேரம். 1816-ல் மறுபடி ஆட்களோடு போனபோது நிறையவே அழிந்திருந்தது. மிச்சம் இருந்த சிற்பங்களைப் பக்கம் பக்கமாகப் படம் வரையச் செய்தார். இன்றைக்கு அங்கே இல்லாத பல கற்களுக்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. எழும்பூர் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்க்கப் போகும்போது இந்த மனிதரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் 1811-ல் ஜாவா படையெடுப்புக்குப் போனார். அங்கேயும் ஆவணம், கல்வெட்டு, இடிந்த கோயில் என்று சுற்றினார். 1812-ல் பட்டேவியாவில் பெட்ரோனெல்லா பார்ட்டெல்ஸ் என்ற டச்சுக் குடும்பத்துப் பெண்ணை மணந்துகொண்டார். அப்போது மாப்பிள்ளைக்கு வயது 58. 1815-ல் இந்தியா முழுமைக்குமான முதல் சர்வேயர் ஜெனரலாக நியமித்தார்கள். அடுத்த வருடம் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் அவரைப் படமாக வரைந்தார். சிவப்புச் சீருடையில் மெக்கன்சி நிற்கிறார். கூடவே மூன்று இந்தியர்கள். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, ஒருவர் கையில் தொலைநோக்கி. அந்தக் காலத்துத் துரைமார் படங்களில் நம்மவர்கள் விசிறி பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். இவர் தன்னோடு வேலை செய்தவர்களை, வேலையின் கருவியோடு நிறுத்தியிருக்கிறார். எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம்.

பதவி கல்கத்தாவில். 1817-ல் மூட்டை மூட்டையாகச் சுவடிகளையும், கூடவே வரச் சம்மதித்த உதவியாளர்களையும் அழைத்துக்கொண்டு போனார். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, மொழிபெயர்த்து, பட்டியல் போட்டு வெளியிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆபீஸ் வேலை விடவில்லை. உடம்பும் விடவில்லை. கடல் காற்றுக்காகப் பூரிப் பக்கம் போய்த் தங்கிப் பார்த்தார். 1821 மே 8-ம் தேதி, கல்கத்தாவுக்குத் திரும்பும் வழியில் இறந்தார். அங்கே சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பட்டியல் போடப்படவே இல்லை.

அவர் மனைவி அந்தச் சேகரிப்பைக் கம்பெனிக்கு விற்றார், ஒரு லட்சம் ரூபாய்க்கு. பிறகு வில்சன் என்ற அறிஞர் உட்கார்ந்து எண்ணி 1828-ல் பட்டியல் வெளியிட்டார். எனக்கு எண்கள் மேல் ஆசை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். இலக்கியச் சுவடிகள் 1,568. ஊர் வரலாறுகள் 2,070. கல்வெட்டுப் படிகள் 8,076. நாணயங்கள் 6,218. ஓவியங்கள் 2,630. இதைச் சேர்த்த மனிதரால் இதில் பெரும்பாலானதைத் தானே படிக்க முடியாது. தன்னால் எடுக்க முடியாத பணத்தை 25 வருடம் ஒரு கணக்கில் போட்டுக்கொண்டே இருந்த மாதிரி.

படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். லட்சுமையா. எஜமானரின் வேலையைத் தானே தொடர்வதாக விண்ணப்பம் கொடுத்தார். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தார் அதைப் பரிசீலித்தார்கள். இப்படிப்பட்ட ஆராய்ச்சியைத் தலைமையேற்று நடத்த இந்தியர் ஒருவரால் முடியாது என்று முடிவு செய்து, வேலையை மதராஸில் இருந்த ஒரு பாதிரியாரிடம் கொடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இதிலேயே ஊறியவருக்குக் கிடைத்த பதில் அது. பிரமோஷன் பட்டியலில் பெயர் இல்லாமல் போனவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் இது அந்த ரகம் அல்ல. எத்தனை ஊர்க் கதைகளுக்குச் சரியான விளக்கம் அவரோடு போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

சுவடிகளில் ஒரு பெரும்பகுதி மதராஸுக்குத் திரும்பி வந்தது. இன்று சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. பாளையப்பட்டுக்களின் வம்சாவளி என்ற பெயரில் சிலவற்றை அந்த நூலகமே அச்சிட்டிருக்கிறது. உங்கள் பூர்வீக ஊரைப் பற்றி ஒரு கைபீது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். என் தாத்தா ஊருக்கு நான் பார்த்தவரை எதுவும் அகப்படவில்லை. ஊர் மேப் வேண்டுமானால் நில அளவைத் துறையில் கிராம வரைபடத்துக்கு மனுப் போட்டுப் பாருங்கள். பழைய சர்வே நம்பர் தெரிந்தால் வேலை சுலபம்.

ஊருக்குப் போய்விட்டு வந்ததும் அத்தையிடம் பிள்ளையாரைப் பற்றிச் சொன்னேன். குளம் பாதியாகிவிட்டதைச் சொன்னேன். அவருக்கு அழுகை வந்துவிட்டது, அதனால் பெருக்கல் குறியைப் பற்றிக் கேட்க வேண்டாம், அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். போன மார்கழியில் அத்தை காலமாகிவிட்டார். குறி போட்ட அந்த வீடு யாருடையது, ஏன் குறி போட்டார், கல்யாணம் நின்றுபோன வீடா, பகையாளி வீடா, அவர் பிறந்த வீடே அதுதானா, எனக்குத் தெரியாது. குடும்பத்தில் எல்லோரையும் கேட்டுவிட்டேன்.

நம் வளாகத்தில் 80 வயதைத் தாண்டியவர்கள் 14 பேர் இருக்கிறார்கள். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நூலக அறையில் உட்காரலாம் என்று செயலாளரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். பெரிய அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் நான் கொண்டு வருகிறேன். அவர்கள் தங்கள் தெருவை வரையட்டும். பேரன் பேத்திகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டின் மேலும் விரலை வைத்து, இது யார் வீடு என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யும் என்று மெயின்டெனன்ஸில் உறுதி கொடுத்திருக்கிறார்கள். காபி உண்டு.